குன்றின் மேல் தீப்பொறி: டார் எஸ் ஸலாம், 1966–1974

1970 நவம்பரில் தான்ஸானியாவின் டார் எஸ் ஸலாம் பல்கலைக் கழகத்தில் ஒரு சிறுபத்திரிகை தடை செய்யப்பட்டது. பெயர் 'செச்செ'. ஸ்வாஹிலியில் தீப்பொறி என்று பொருள். மாணவர்கள் தாங்களே தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைலில் உருட்டி, தைத்து, கையில் கொண்டுபோய் விற்ற பத்திரிகை. 1969 நவம்பரில் முதல் இதழ். சரியாக ஓராண்டு ஆயுள். தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் விநோதமானது. பெயர் ருஷ்யாவின் 'இஸ்க்ரா'வை நினைவூட்டுகிறதாம். தான்ஸானியா கட்டிக் கொண்டிருப்பது ருஷ்ய சோஷலிசமல்ல, தன் சொந்த சோஷலிசம். ஆகவே இரவல் தீப்பொறி இங்கே வேண்டியதில்லை. பத்திரிகையோடு சேர்த்து அதை நடத்திய 'பல்கலைக் கழக மாணவர் ஆப்பிரிக்கப் புரட்சிகர முன்னணி'யும் கலைக்கப்பட்டது.

இத்தோடு நின்றால் இது பத்தோடு பதினொன்றாவது தணிக்கைக் கதை. ஆனால் தடை செய்தவர்கள் யார்? ஏகாதிபத்தியத்தின் கைக்கூலிகள் என்று நாம் எளிதாகத் திட்டிவிடக் கூடியவர்கள் அல்லர். மொசாம்பிக், அங்கோலா, ரொடீஷியா, நமீபியா, தென்னாப்பிரிக்கா என்று தெற்கே இருந்த அத்தனை விடுதலை இயக்கங்களுக்கும் தங்க இடமும் பயிற்சி முகாமும் வானொலி நேரமும் கொடுத்த அரசு அது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் விடுதலைக் குழு 1963 முதல் டார் எஸ் ஸலாமில்தான் இருந்தது. ஃப்ரெலிமோ பிறந்ததே அந்த ஊரில், 1962 ஜூனில். தான் ஏழையாக இருந்துகொண்டு அடுத்தவன் விடுதலைக்காக இவ்வளவு விலை கொடுத்த அரசுகள் வரலாற்றில் அதிகமில்லை. அப்படிப்பட்ட அரசு, அதே விடுதலைப் போர்களைப் பற்றிப் படித்து, பேசி, எழுதிய மாணவர்களின் வாயை ஏன் அடைத்தது? காலனி எதிர்ப்பு என்பதைப் பல்கலைக் கழக மேடையில் பேசுவது எதுவரைக்கும் அனுமதிக்கப்படுகிறது, எந்த இடத்தில் மைக் பிடுங்கப்படுகிறது என்பதை இந்தக் குன்றின் கதையைப் போலப் பளிச்சென்று காட்டுகிற வேறொன்றை நான் அறியேன்.

குன்று என்று சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. பல்கலைக் கழக வளாகத்துக்கே 'ம்லிமானி' என்றுதான் பெயர். குன்றிலே என்று அர்த்தம். 1961 அக்டோபரில், சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, நகருக்குள்ளே ஆளும் டானு கட்சியின் கட்டடம் ஒன்றில் ஒரு டஜனுக்குச் சற்றே கூடுதலான சட்ட மாணவர்களோடு தொடங்கிய கல்லூரி அது. 1964-இல் ஊருக்கு வெளியே குன்றுக்குக் குடிபெயர்ந்தது. வெள்ளை வெளேரென்ற விடுதிகள், கீழே கடல், பரிமாற ஆட்கள். ஊரில் மண்வீட்டில் பிறந்த பையன் இங்கே வந்து மூன்றே மாதத்தில் துரையாகிவிடுவான். காலனியம் விட்டுப்போன நாற்காலிகள் காலியாகக் காத்திருந்தன. பட்டம் வாங்கியவன் போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

1966 அக்டோபர் 22-இல் இந்தத் துரைமார்கள் ஊர்வலம் போனார்கள். எதற்கு? பட்டதாரிகள் இரண்டாண்டு தேசியப் பணி செய்ய வேண்டும், அதில் பெரும்பகுதிக் காலம் சம்பளத்தில் நாற்பது சதம் பிடித்தம் என்று அரசு விதித்ததற்கு எதிராக. கருப்பு அங்கி போட்டுக்கொண்டு ஜனாதிபதி மாளிகைக்குப் போனவர்கள் கையில் இருந்த அட்டைகளில் ஒன்று, 'இதைவிடக் காலனி ஆட்சியே மேல்' என்றது. ஜூலியஸ் நைரேரே அமைதியாகக் கேட்டார். பிறகு கோபம் பொங்கியது. உங்கள் சம்பளம் மட்டுமல்ல, என் சம்பளமும் இந்த நாட்டுக்கு அதிகம்தான் என்று சொல்லி அங்கேயே தன் சம்பளத்தில் இருபது சதம் குறைத்துக்கொண்டார். 393 மாணவர்களை மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பினார். மூன்று மாதம் கழித்து, 1967 பிப்ரவரியில், அருஷா பிரகடனம் வந்தது: வங்கிகளும் பெரிய தொழில்களும் அரசுடைமை, தலைவர்கள் வீடு வாடகைக்கு விடக் கூடாது, இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது.

மாணவர் ஊர்வலம்தான் அருஷாவுக்குக் காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் தன் அரசு எப்படிப்பட்ட வர்க்கத்தை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது என்பதை நைரேரேவுக்கு நேருக்கு நேர் காட்டியது அந்த ஊர்வலம்தான். 1967 மார்ச்சில் குன்றில் ஒரு மாநாடு கூடியது: சோஷலிசத் தான்ஸானியாவில் பல்கலைக் கழகத்தின் பாத்திரம் என்ன? பொறியியல் படிப்பவனும் சட்டம் படிப்பவனும் தன் சமூகம் எப்படி ஏழையாக்கப்பட்டது என்று கட்டாயம் படிக்க வேண்டும் என்ற கோரிக்கை அங்கே எழுந்தது. வளர்ச்சி ஆய்வுகள் என்ற பொதுப்பாடம் இப்படித்தான் உருவாயிற்று.

*

இங்கே சற்று விலகி 'ஆப்பிரிக்க ஆய்வுகள்' என்ற பெயரையே கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். அது ஆப்பிரிக்காவில் பிறந்த பெயரல்ல. அமெரிக்காவில் ஆப்பிரிக்க ஆய்வுச் சங்கம் 1957-இல் தொடங்கியது. மறு ஆண்டே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்ற பெயரில் பிராந்திய ஆய்வுகளுக்கு அரசாங்கப் பணம் பாய்ந்தது. சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: தேசப் பாதுகாப்பு. ஸ்புட்னிக் மேலே போனதும் ஸ்வாஹிலி இலக்கணம் வாஷிங்டனுக்கு அவசரத் தேவையாகிவிட்டது. இந்தப் பணத்தில் நல்ல ஆய்வுகளே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, நடந்தன. கேள்வியை யார் கேட்கிறார்கள், பதில் யாருக்குப் போகிறது என்பதுதான் பிரச்சினை. 1969 அக்டோபரில் மாண்ட்ரியலில் அந்தச் சங்கம் கூடியபோது கருப்பின ஆய்வாளர்கள் மேடையைக் கைப்பற்றி, எங்களைப் பற்றி நடக்கும் ஆய்வில் எங்களுக்குச் சமபங்கு எங்கே என்று கேட்டு மாநாட்டையே நிறுத்தினார்கள்.

இதற்குச் சமமான ஒரு நிகழ்ச்சி லண்டனிலும் நடந்தது. அதில் நடுநாயகமாக இருந்தவர் ஒரு தமிழர். கம்பெனிகளின் நிதியிலும் பெரிய மனிதர்களின் தயவிலும் ஓடிக்கொண்டிருந்த இனஉறவு ஆய்வு நிறுவனத்தின் நூலகராக இருந்த அ. சிவானந்தன், ஊழியர்களையும் உறுப்பினர்களையும் திரட்டி 1972-இல் அறங்காவலர்களை ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார். பணம் போய்விட்டது, நூலகம் மிஞ்சியது. 'இனம்' என்ற அதன் ஆய்விதழ் 1974-இல் 'இனமும் வர்க்கமும்' ஆயிற்று. ஆய்வு செய்யப்படுகிறவர்கள் ஆய்வு நிறுவனத்தையே கேள்வி கேட்ட காலம் அது.

ஆனால் மாண்ட்ரியலிலும் லண்டனிலும் அவர்கள் வாசல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். டார் எஸ் ஸலாமில் வீடே அவர்களுடையது. அதனால் வந்த தொந்தரவு வேறு மாதிரி.

ரொடீஷியாவிலிருந்து 1963-இல் வெளியேற்றப்பட்ட டெரன்ஸ் ரேஞ்சர்தான் குன்றின் வரலாற்றுத் துறையை முதலில் கட்டியவர். வெள்ளைக்காரர், ஆனால் வெள்ளையர் ஆட்சியால் துரத்தப்பட்டவர். ஆப்பிரிக்கர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே செய்தார்கள் என்று காட்டுவதுதான் அந்தத் துறையின் கொள்கை. மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குப் போய்க் கிழவர்களிடம் உட்கார்ந்து மஜி மஜி எழுச்சியைப் பற்றிக் கேட்டு எழுதி வந்தார்கள். 1905 முதல் 1907 வரை ஜெர்மானியர்களுக்கு எதிராகத் தெற்குத் தான்ஸானியா முழுவதும் பற்றியெரிந்த எழுச்சி அது. கட்டாயப் பருத்தி விவசாயம், வரி, சாட்டை எல்லாம் சேர்ந்து மூட்டிய தீ. கிஞ்சிகிதிலே என்ற அருள்வாக்குக்காரர் கொடுத்த 'மஜி', அதாவது தண்ணீர், உடம்பில் பட்டால் துப்பாக்கிக் குண்டு தண்ணீராகிவிடும் என்று நம்பி இருபது சொச்சம் இனக்குழுக்கள் ஒன்றாக எழுந்தன. குண்டு தண்ணீராகவில்லை. ஜெர்மானியர்கள் பயிரையும் களஞ்சியத்தையும் கொளுத்திப் பஞ்சத்தால் கொன்றார்கள். செத்தவர்கள் எழுபத்தைந்தாயிரம் என்பது ஜெர்மானியக் கணக்கு. பஞ்சச் சாவுகளையும் சேர்த்து இரண்டரை முதல் மூன்று லட்சம் என்பது பிற்பாடு தான்ஸானிய வரலாற்றாளர் க்வாஸா சொன்ன கணக்கு.

இது பெரிய காரியம்தான். சந்தேகமில்லை. ஆனால் விமர்சனமும் சீக்கிரமே வந்தது. மஜி மஜியிலிருந்து டானுவுக்கு நேர்கோடு போட்டு, அன்றைக்கு அவர்கள் விதைத்ததை இன்றைக்கு நம் அரசு அறுவடை செய்கிறது என்று முடிக்கிற தேசியக் கதையாடலாக இது ஆகிவிடுகிறது என்றார்கள். தேசத்தைத் தேடிப் புறப்பட்ட தேசிய வரலாற்றாசிரியர்கள் என்று 1970-இல் டெனூனும் கூப்பரும் கேலி செய்து எழுதினார்கள். இடதுசாரி மாணவர்களின் ஆட்சேபம் வேறு: எல்லோரும் சேர்ந்து எதிர்த்தார்கள் சரி, சுதந்திரம் வந்ததும் யாருக்கு என்ன கிடைத்தது?

*

அந்தக் கேள்வியோடு வந்தவர் வால்டர் ரோட்னி. கயானாவில் தொழிலாளிக் குடும்பத்தில் பிறந்தவர். இருபத்துநான்கு வயதில் லண்டனில் டாக்டர் பட்டம். 1966-இல் டார் எஸ் ஸலாமுக்கு வந்து ஓராண்டுக்கு மேல் கற்பித்துவிட்டு, 1968 தொடக்கத்தில் ஜமைக்காவுக்கு வேலைக்குப் போனார். அங்கே வகுப்பு முடிந்ததும் குப்பைமேட்டோரம் ராஸ்தபாரிகளோடு உட்கார்ந்து ஆப்பிரிக்க வரலாறு பேசினார். பத்து மாதம்கூடப் பொறுக்கவில்லை ஜமைக்கா அரசு. அக்டோபரில் அவர் வெளிநாட்டு மாநாட்டிலிருந்து திரும்பியபோது விமானத்தை விட்டே இறங்கவிடவில்லை. மறுநாள் கிங்ஸ்டன் தெருக்கள் கலவரமாயின. 1969-இல் மறுபடி டார் எஸ் ஸலாம். 1974 வரை அங்கே இருந்தார்.

குன்றில் அப்போது நடந்துகொண்டிருந்ததைப் பாடத்திட்டம் என்று சொல்ல முடியாது. புரட்சிகர முன்னணி 1967-இல் தொடங்கியிருந்தது. தலைவர் யோவெரி முசெவெனி என்ற உகாண்டா மாணவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கருத்தியல் வகுப்பு. ஃபனான், நிக்ருமா, பால் பாரன், லெனின். ஆசிரியர் மாணவரென்ற மேல்கீழ் இல்லை. ஸ்டோக்லி கார்மைக்கேல் வந்து பேசினார். சி.எல்.ஆர். ஜேம்ஸ் வந்தார். விடுதலை இயக்கக்காரர்கள் நகரத்தில் தெருவுக்குத் தெரு அலுவலகம் வைத்திருந்ததால் பேச ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. மேடையில் இன்று அமர்ந்திருப்பவர் அடுத்த வாரம் எல்லை தாண்டிப் போய்விடுவார். திரும்பி வராமலும் போகலாம். ஃப்ரெலிமோவின் தலைவர் எடுவார்டோ மொண்ட்லேன் மானிடவியல் படித்தவர். அமெரிக்காவில் சைரக்யூஸ் பல்கலைக் கழக வேலையை விட்டுவிட்டு டார் எஸ் ஸலாமுக்கு வந்தவர். 1969 பிப்ரவரி 3-இல் அதே நகரத்தில் புத்தகப் பார்சலில் வந்த குண்டு அவரைக் கொன்றது. புத்தகத்துக்குள்ளே குண்டு. எதிரிக்கும் தெரிந்திருக்கிறது, இந்த ஆள் எதைத் திறந்து பார்ப்பார் என்று.

மாணவர்களும் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முசெவெனியும் சிலரும் 1968-இல் மொசாம்பிக்கின் விடுவிக்கப்பட்ட பகுதிகளுக்குப் போய் வந்தார்கள். ஃபனானின் வன்முறைக் கோட்பாட்டை அங்கே கண்டதோடு வைத்துச் சரிபார்த்து அவர் எழுதிய கட்டுரை 1971-இல் அச்சாயிற்று. ஆப்பிரிக்க ஆய்வு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு வாசித்தவர்கள் நினைத்திருப்பார்கள். அதே முசெவெனி 1986-இல் துப்பாக்கியோடு கம்பாலாவுக்குள் நுழைந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நாற்காலியை விட்டு இறங்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஃபனான் புதிய ஆளும் வர்க்கத்தைப் பற்றி எழுதிய அத்தியாயத்தை அவர் வாசிக்காமல் விட்டாரோ, இல்லை வழிகாட்டி நூலாக வாசித்தாரோ!

முன்னணி செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'ராக் டே'யை நிறுத்தியது. பிரிட்டிஷ் பல்கலைக் கழகங்களிலிருந்து அப்படியே இறக்குமதியான ஒரு கூத்து. மாணவர்கள் கந்தல் உடுத்திக்கொண்டு லாரிகளில் ஊர்வலம் போய் ஏழைகளுக்காக வசூல் செய்வார்கள். கந்தல் உடுத்தவே வேறு வழியில்லாதவர்கள் வாழும் நகரத்தில் கந்தல் வேஷம் என்ன வேடிக்கை என்று கேட்டு, 1968-இல் அந்த லாரிகளின் சக்கரக் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். ராக் டே அத்தோடு சரி. கோட்பாடு எப்போதாவது டயரையும் தொட வேண்டும்.

அரசுக்கும் குன்றுக்கும் முதல் உரசல் வெளிப்படையாக வந்தது 1969 டிசம்பரில். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்க இளைஞர் கருத்தரங்கு ஒன்றில் ரோட்னி பேசினார்: கொடியை மாற்றிக்கொண்ட பல சுதந்திரங்கள் போலி, ஆட்சியிலிருப்பவர்களே ஏகாதிபத்தியத்தின் முகவர்கள், அவர்களையும் தூக்கியெறியாமல் விடுதலை முடியாது. கட்சிப் பத்திரிகை 'நேஷனலிஸ்ட்' பேச்சை வெளியிட்டது. 13-ஆம் தேதி தலையங்கம் வந்தது. தலைப்பைத் தமிழில் 'புரட்சிகர வாய்ச்சவடால்' என்று சொல்லலாம். நம் வீட்டில் விருந்தாளியாக இருந்துகொண்டு அண்டை நாட்டு அரசுகளைக் கவிழ்க்கக் கூப்பாடு போடக் கூடாது என்பது சாரம். நைரேரேவே எழுதியது என்று பலரும் நம்பினார்கள். பத்திரிகையின் ஆசிரியர் பெஞ்சமின் ம்காபா. பின்னாளில், 1995-இல் ஜனாதிபதியாகி, அருஷாவில் அரசுடைமையாக்கியதையெல்லாம் விற்றுத் தீர்த்தவர். ரோட்னி சில நாளில் அதே பத்திரிகைக்குப் பதில் எழுதினார். விருந்தாளிக்குரிய பணிவோடுதான்; ஆனால் சாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

விருந்தாளி என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்கா முழுதும் ஒரே வீடு என்பது மேடையில் பேசும் கோஷம். வீட்டுக்காரரைப் பற்றிக் கேள்வி கேட்டதும் அதே ஆள் விருந்தாளியாகிவிடுகிறார். முன்னணியில் உகாண்டா, கென்யா, மலாவி, சூடான் மாணவர்களெல்லாம் இருந்தார்கள். அதைக் கலைத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்றும் இதே திசையில்தான் இருந்தது: கட்சியின் இளைஞர் அணி இருக்கும்போது தனி அமைப்பு எதற்கு? இளைஞர் அணியிலோ தான்ஸானியர்கள் மட்டுமே சேரலாம். ஆக, தேச எல்லையைத் தாண்டிய ஒரே அமைப்பு போய், தேச எல்லைக்குள் அடங்கிய ஒன்று மிஞ்சியது. காலனியவாதி கோடு போட்ட எல்லைகளை அழிப்போம் என்றவர்கள், தலையிடி வந்ததும் அந்தக் கோட்டின் பின்னால்தான் போய் நின்றார்கள்.

ஆனால் உண்மையான காரணம் பெயரிலோ வெளிநாட்டு மாணவர்களிலோ இல்லை. 1970 செப்டம்பரில் 'செச்செ' ஒரு சிறப்பிதழ் போட்டது. இதழ் முழுக்க ஒரே கட்டுரை: 'ஓசையற்ற வர்க்கப் போராட்டம்'. எழுதியவர் இஸ்ஸா ஷிவ்ஜி. அப்போதுதான் சட்டப் படிப்பை முடித்திருந்த இளைஞர். அரசுடைமையான கம்பெனிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நிர்வாக ஒப்பந்தம் யாரோடு, தொழில்நுட்பம் யாருடையது, இயக்குநர் குழுவில் யார் யார் என்று பட்டியலே போட்டுவிட்டார். முதலாளி மாறவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது. நடுவில் அரசு அதிகாரிகளைக் கொண்ட ஒரு புதிய வர்க்கம் உருவாகிக் கொண்டிருக்கிறது என்பது அவர் முடிவு. அடுத்த இரண்டு மாதத்துக்குள் தடை. மொசாம்பிக்கில் போர்ச்சுகல் செய்வதை எழுது, கைதட்டுவோம். ரொடீஷியாவைப் பற்றி எழுது, அச்சுக்கூலி தருவோம். நம் தேசிய வளர்ச்சிக் கழகத்தின் ஒப்பந்தத்தை ஏனப்பா பிரித்துப் படிக்கிறாய்?

இன்னொரு விஷயம். ஷிவ்ஜியும் பத்திரிகை ஆசிரியர் குழுவில் இருந்த கரீம் ஹிர்ஜியும் இந்திய வம்சாவளியினர். கிழக்கு ஆப்பிரிக்க இந்தியர் என்றாலே கடைக்காரர், வட்டிக்காரர், வெள்ளைக்காரனுக்கும் கருப்பருக்கும் இடையிலே உட்கார்ந்து இரண்டு பக்கமும் கறந்தவர் என்பதுதான் பொது எண்ணம். அது பொய்யுமல்ல. 1971-இல் வாடகைக் கட்டடங்களை அரசு எடுத்துக்கொண்டபோது அடி விழுந்தது பெரும்பாலும் இந்தியக் குடும்பங்களுக்கு. அந்தச் சமூகத்தின் பிள்ளைகள் அரசு எடுத்ததைக் கண்டிக்காமல், எடுத்தது போதாது, எடுத்தவன் யார் என்று கேட்டது வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காது. தன் சாதியின் கடையைத் தாண்டி வெளியே வருவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியாதா?

*

தடைக்குப் பிறகு நடந்தது இரண்டு வகையில் முக்கியமானது. ஒன்று, அடக்கிவிட முடியவில்லை. இளைஞர் அணியின் பெயரிலேயே 'மஜிமஜி' என்று புதிய பத்திரிகை வந்தது. இம்முறை பெயர் சுத்தமான உள்ளூர்ச் சரக்கு, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. உள்ளே பழைய ஆட்கள், பழைய சண்டை.

மற்றொன்று, அரசின் சொற்களையே அரசுக்கு எதிராகத் திருப்பும் வித்தை. 1971 ஜனவரியில் உகாண்டாவில் இடி அமீன் ஆட்சியைப் பிடித்ததும் மிரண்டுபோன டானு, பிப்ரவரியில் 'ம்வோங்கோசோ' என்ற வழிகாட்டு ஆவணத்தை வெளியிட்டது. அதன் பதினைந்தாவது பிரிவு, தலைவர்கள் திமிர் பிடித்தவர்களாக, மக்களை இழிவுபடுத்துகிறவர்களாக இருக்கக் கூடாது என்றது. ஜூலையில் மாணவர் சங்கத் தலைவர், கென்யாக்காரரான சைமன்ட்ஸ் அகிவாகா, துணைவேந்தருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். துணைவேந்தர் பியஸ் ம்செக்வா கட்சியின் நிர்வாகச் செயலாளராக இருந்து நேரே குன்றுக்கு வந்தவர். ம்வோங்கோசோ என்ன சொல்கிறது, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கடிதம். ஆயுதப் போலீஸ் வளாகத்துக்குள் வந்து அகிவாகாவைத் தூக்கிக் கொண்டுபோய் நாடு கடத்தியது. மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். ஆசிரியர்களில் ஒரு பகுதியும் உடன் நின்றது.

இதைக் குன்றுக்குள் நடந்த சச்சரவு என்று ஒதுக்க முடியாதபடி செய்தது தொழிலாளர்கள். 1971-இலிருந்து 1973 வரை டார் எஸ் ஸலாம் ஆலைகளில் அடுக்கடுக்காக வேலைநிறுத்தம். கூலி உயர்வு மட்டுமல்ல கோரிக்கை. மேலாளர் எங்களைத் திட்டுகிறார், பதினைந்தாவது பிரிவு திட்டக் கூடாது என்கிறது, ஆகவே ஆளை மாற்று. 1973-இல் மவுண்ட் கார்மெல் ரப்பர் ஆலையைத் தொழிலாளர்கள் கைப்பற்றி, முதலாளியை வெளியே நிறுத்தித் தாங்களே ஓட்டினார்கள். பல்கலைக் கழகத்தில் 'வர்க்கப் போராட்டம் தொடர்கிறது' என்று ஷிவ்ஜி எழுதிக்கொண்டிருந்தபோது, அவரை வாசிக்காதவர்கள் அவருக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் மொழிப் பிரச்சினை வந்து முட்டுகிறது. ம்வோங்கோசோ ஸ்வாஹிலியில் இருந்தது. அதனால்தான் ரப்பர் ஆலைவரை போயிற்று. 'செச்செ' ஆங்கிலத்தில் இருந்தது. குன்றின் பொதுக்கூட்டங்கள் ஆங்கிலத்தில். ரோட்னி ஸ்வாஹிலி கற்றுக்கொண்டார். ஆனாலும் சந்தைக்குப் போய் அங்குள்ளவர்களின் நக்கலும் குறிப்பும் புரிந்து அவர்களோடு பேசுமளவுக்குத் தனக்கு அந்த மொழி வரவில்லை, வராது என்று உணர்ந்ததைப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். கரீபியனுக்குத் திரும்ப அதையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டார். பிறர் மொழியில் புரட்சி பேசிக்கொண்டு காலம் தள்ளக் கூடிய பேராசிரியர்கள் எத்தனையோ பேர். இவர் மூட்டை கட்டினார்.

ஆனால் குன்றிலேயே வேறொரு வழியும் இருந்தது. நாடகம் படித்துக்கொண்டிருந்த கில்வாக்காரர் இப்ராஹிம் ஹுசைன் 1969-இல் 'கிஞ்சிகிதிலே' நாடகத்தை ஸ்வாஹிலியில் எழுதினார். வரலாற்றுத் துறை கேள்வித்தாள் வைத்துக்கொண்டு கிழவர்களிடம் தேடிய அதே மஜி மஜிதான் களம். ஹுசைன் கேட்ட கேள்வி வேறு. தண்ணீர் குண்டைத் தடுக்காது என்று கிஞ்சிகிதிலேவுக்கே தெரிந்துவிட்டால்? சனங்களை ஒன்று சேர்த்த சொல் அது. ஒன்று சேர்ந்தபின் அவர் பேச்சை மீறிப் போரில் குதிக்க வைத்ததும் அதே சொல். கடைசியில் ஜெர்மானியச் சிறையில், தண்ணீர் பொய் என்று சொல்லிவிடு என்று வற்புறுத்துகிறார்கள். மறுக்கிறார். சொன்னால் எதிர்த்ததே தவறென்று வருங்காலப் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிடுவார்கள் என்பதால். தேசியக் கதையாடலை இதைவிட நுட்பமாக விசாரித்த ஆய்வுக் கட்டுரை எதுவும் அந்தப் பல்கலைக் கழகத்திலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடங்கள்வரை அது போயிற்று.

*

ரோட்னியின் 'ஐரோப்பா ஆப்பிரிக்காவை எப்படிப் பின்தள்ளியது' 1972-இல் வந்தது. லண்டனில் ஹண்ட்லி தம்பதியர் வீட்டிலிருந்தே நடத்திய போகிள் லூவர்ச்சர் என்ற சிறு பதிப்பகமும், டார் எஸ் ஸலாமில் வால்டர் ப்கோயா தலைமையிலிருந்த தான்ஸானியா பதிப்பகமும் சேர்ந்து போட்டன. குன்றின் வகுப்புகளிலும் சண்டைகளிலும் புடம்போட்ட புத்தகம். பெரிய பல்கலைக் கழகப் பதிப்பகம் எதன் முத்திரையும் அதற்குத் தேவைப்படவில்லை. பின்னுரை எழுதியவர் அமைச்சராக இருந்த ஏ.எம். பாபு, தேதி 1971 டிசம்பர். 1972 பிப்ரவரியில் அவர் பதவி போயிற்று. ஏப்ரலில் ஸான்ஸிபாரில் கருமே கொல்லப்பட்டதும் சிறையில் போட்டார்கள். 1978 வரை உள்ளேயே இருந்தார். புத்தகக் கடையில் பின்னுரை விற்றுக்கொண்டிருந்தது, எழுதியவர் கம்பிக்குள்.

1974 ஜூனில் ஆறாவது அகில ஆப்பிரிக்க மாநாடு குன்றின் நிக்ருமா மண்டபத்தில் கூடியது. 1945-இல் மான்செஸ்டரில் ஐந்தாவது மாநாடு கூடியபோது அதில் அரசுகளே கிடையாது. ஆட்சி கனவில்கூட இல்லாத மாணவர்கள், தொழிற்சங்கக்காரர்கள், வழக்கறிஞர்கள். இப்போது வந்ததில் பெரும்பகுதி அரசுப் பிரதிநிதிகள். கரீபிய அரசுகள் தங்கள் நாட்டு எதிர்ப்பாளர்களை அழைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டன; தான்ஸானியா ஏற்றுக்கொண்டது. மாநாட்டுக்கு முதல் முதலாகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவரான சி.எல்.ஆர். ஜேம்ஸ், அப்படியானால் நானும் வரவில்லை என்று ஒதுங்கினார். ரோட்னி அந்த மாநாட்டை முன்னிட்டு எழுதிய கட்டுரை, அகில ஆப்பிரிக்கம் என்பது ஆளும் வர்க்கங்கள் ஒருவருக்கொருவர் முதுகு சொறிந்துகொள்ளும் ஏற்பாடாகிவிட்டதை நேராகவே சொல்கிறது.

அந்த ஆண்டே அவர் கயானாவுக்குத் திரும்பினார். பல்கலைக் கழகம் தந்த வரலாற்றுப் பேராசிரியர் பதவியை அரசு தலையிட்டு ரத்து செய்தது. மேடை இல்லாவிட்டால் தெருமுனை. 1980 ஜூன் 13 இரவு ஜார்ஜ்டவுனில், வாக்கிடாக்கிக்குள் வைத்திருந்த குண்டு வெடித்துச் செத்தார். வயது முப்பத்தெட்டு. அரசின் கை இதில் இருந்தது என்று விசாரணைக் குழு அறிக்கை சொல்ல 2016 வரை ஆயிற்று.

குன்றில் பிறகு வறட்சி. 1985-இல் நைரேரே விலகினார். 1986-இல் சர்வதேச நிதி நிறுவனத்தோடு ஒப்பந்தம். புத்தகம் வாங்கப் பணமில்லை, ஆசிரியர்கள் கோழி வளர்த்தும் ஆலோசகர் வேலை பார்த்தும் பிழைத்தார்கள். வளர்ச்சி பற்றிய ஆய்வு, நன்கொடையாளர்கள் கேட்ட அறிக்கையாகச் சுருங்கியது. இன்றைக்குப் பணக்காரப் பல்கலைக் கழகங்களில் காலனிய நீக்கம் என்ற பெயரில் ஆண்டு முழுக்க உரைவரிசைகளுக்குப் பஞ்சமில்லை. ரோட்னி பெயரில் ஒரு மாலை, கப்ரால் பெயரில் ஒரு மாலை, தேநீரோடு. அதையும் நான் கேலிக்கென்று சொல்லவில்லை. ரோட்னி 1970-71-இல் குன்றில் ருஷ்யப் புரட்சி பற்றி எடுத்த வகுப்புக் குறிப்புகள் 2018-இல் புத்தகமாக வந்தது அப்படிப்பட்ட ஆட்களின் உழைப்பால்தான். ஆனால் அந்த மாலைகளில் ஒன்றில் யாராவது எழுந்து, இந்தப் பல்கலைக் கழகத்தின் அறக்கட்டளைப் பணம் எந்தச் சுரங்கக் கம்பெனியில் போடப்பட்டிருக்கிறது என்று பங்குப் பட்டியலை வாசித்தால் என்ன ஆகும் என்பது ஷிவ்ஜியின் கட்டுரையைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

டார் எஸ் ஸலாமில் 2008-இல் நைரேரே பெயரில் அகில ஆப்பிரிக்க ஆய்வு இருக்கை ஏற்படுத்தினார்கள். முதலில் அதில் அமர்ந்தவர், வேறு யார், இஸ்ஸா ஷிவ்ஜிதான். 2009-இலிருந்து ஆண்டுதோறும் நைரேரே அறிவுத் திருவிழா. வோலே சோயிங்கா வந்து பேசினார், அடுத்த ஆண்டு ஸமீர் அமீன். நைரேரேவின் பெயரால் நைரேரேவின் விமர்சகர் நடத்திய விழா. நைரேரே இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன். கோபக்காரர்தான், ஆனால் தன்னோடு சண்டை போட்டவர்களைப் படித்தவர். ஷிவ்ஜியே பின்னாளில் இரண்டு பேரோடு சேர்ந்து அவருடைய வாழ்க்கை வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதினார்.

'செச்செ'யின் ஆசிரியர்களில் கரீம் ஹிர்ஜியைப் பல்கலைக் கழகம் 1974-இல் வெளியேற்றி, சும்பவாங்கா என்ற தொலைதூர ஊருக்குத் திட்ட அதிகாரியாக அனுப்பினார்கள். பின்பு மருத்துவப் புள்ளியியலில் பேராசிரியரானார். ஸாக்கியா மேக்ஜி நிதியமைச்சரானார். ஹிர்ஜி பழைய தோழர்களை எழுத வைத்து, தானும் எழுதி, அந்தப் பத்திரிகையின் நினைவுகளைத் தொகுத்தார். ரோட்னியின் புத்தகத்தைப் பதிப்பித்த அதே வால்டர் ப்கோயா தன் 'ம்கூகி நா ந்யோடா' பதிப்பகத்தின் வழியே 2010-இல் அதை வெளியிட்டார். சைக்ளோஸ்டைல் மையில் வந்து நாற்பதாண்டுக்கு முன் பறிமுதலான பெயர் இப்போது புத்தக அட்டையில்: 'செச்செ'.